பெண்டிங்கில் நின்ற போன்: இரண்டாம் கட்டிலிருந்து வளவு வரை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடு ஒன்றில், மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஆச்சியிடம் விட்டுப்போன 32 ஜிபி ஆண்ட்ராய்டு போன். வாட்ஸ்அப் அப்டேட் கேட்கிறது. அழுத்தினால் 'பெண்டிங்' என்று நின்றுவிடுகிறது. பேங்க் ஆப்பைத் தேடினால் பிளே ஸ்டோரில் வரவே இல்லை. "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுக் குடுங்க தம்பி" என்று ஆச்சி கேட்டார்கள். அதைத்தான் செய்யக் கூடாது. பேக்கப் இல்லாமல் வாட்ஸ்அப்பை நீக்கினால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அனுப்பிய குரல் செய்திகள் திரும்ப வராமல் போகலாம். 'வேலை செய்யலையா, நீக்கிட்டுத் திரும்பப் போடு' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அதனால் முதல் வேலை பேக்கப். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப். கூகுள் கணக்கின் இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் சேர்ந்தே அந்தக் கணக்கில் வரும். நிரம்பியிருந்தால் கூகுளுக்குப் போகும் பேக்கப் பாதியில் நிற்கும். போனுக்குள் ஒரு நகல் அப்போதும் பதிவாகும். அது வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் 'டேட்டாபேஸஸ்' என்ற பெயரில் இருக்கும். இடம் வேண்டும் என்று அதை மட்டும் அழித்துவிடக் கூடாது.

அடுத்து, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 'பெண்டிங்' என்றால் இறக்கமே தொடங்கவில்லை: வரிசையோ, அனுமதியோ காரணம். 40, 60 சதவீதம் வந்து நின்றால் நெட்வொர்க். முழுதும் இறங்கி 'இன்ஸ்டாலிங்' என்று சுற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் இடப் பற்றாக்குறை. மூன்றுக்கும் மருந்து வேறு. இதைப் பார்க்காமல் கேச் (ஆப் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள்) அழிப்பதும் போனை அணைத்துப் போடுவதும் இருட்டில் சாவி தேடுவது மாதிரி.

இந்தப் போனில் மூன்றும் இருந்தன.

வரிசையில் தொடங்கினோம். பிளே ஸ்டோரில் வலது மேல் மூலையில் இருக்கும் படத்தைத் தொட்டு, 'மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்' போனால் 27 ஆப்கள் அப்டேட்டுக்குக் காத்திருந்தன. ஆச்சி ஒருமுறைகூடத் திறக்காத விளையாட்டுகள் முன்னால் நிற்க, வாட்ஸ்அப் அவற்றுக்குப் பின்னால். எல்லாவற்றையும் கேன்சல் செய்துவிட்டு வாட்ஸ்அப்பை மட்டும் தொட்டதும், 'பெண்டிங்' போய் 'வைஃபைக்குக் காத்திருக்கிறது' என்று வந்தது. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'நெட்வொர்க் பிரிஃபரன்சஸ்' உள்ளே ஆப் இறக்கம் 'வைஃபையில் மட்டும்' என்று இருந்தது. 'எந்த நெட்வொர்க்கிலும்' என்று மாற்றினோம். போனின் டேட்டா சேவரும் போட்டிருந்தது. அதையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை அணைந்ததும் இறக்கமும் நின்றுபோகும்.

வைஃபை இருக்கும் வீடுதான். ரவுட்டர் வாசல் பக்க முகப்பில், ஆச்சி இருப்பது வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில். நம் ஊர் வீடுகளின் கனத்த சுவர் இரண்டு மூன்றைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் அலை வராது, 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்தாலும் ஓரளவு எட்டும். ரவுட்டர் இரண்டு பெயர்களில் தெரிந்தால், பெயரில் '5ஜி' என்று இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். அதுவும் ஒரு கோடாகவே தெரிந்தால் போனை எடுத்துக்கொண்டு வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு, வந்துவிடுவது நல்லது. மேலே திறந்த வானம் இருப்பதால் மொபைல் சிக்னலும் அங்கேதான் நன்றாகக் கிடைக்கும்.

மொபைல் டேட்டாவில் இறக்கினால் அன்றைய அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினம் 1.5 ஜிபி தரும் பேக்குகள் பலவற்றில், அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸாக விழும். 60 எம்பி ஆப் ஒன்று அந்த வேகத்தில் இறங்க 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். போன் கெட்டுப்போனதாகவே தோன்றும். காலையில் எழுந்து பார்த்தால் தானாகச் சரியாகியிருக்கும்.

வளவில் வைத்து இறக்கியதும் 100 வரை வந்தது, பிறகு 'இன்ஸ்டாலிங்'கில் நின்றது. செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் பார்த்தால் மீதம் 640 எம்பி. 1 ஜிபிக்குக் கீழே போனாலே சிக்கல் தொடங்கும் என்று கொள்ளலாம். இறங்கிய கோப்புக்கு ஓர் இடம், அதைப் பிரித்து நிறுவ இன்னோர் இடம், பழைய ஆப்பும் அதுவரை அங்கேயே இருக்கும். 60 எம்பி ஆப்புக்கு 60 எம்பி போதாது.

இடம் எங்கே போயிருக்கும் என்று தேட வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்'. 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வேர்டு ஆனவை என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். ஃபார்வேர்டு வீடியோக்களை ஆச்சியிடம் ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டு அழித்ததில் 3 ஜிபிக்கு மேல் காலியானது. கேட்டுத்தான் அழிக்க வேண்டும். கோயில் கும்பாபிஷேக வீடியோவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் அசையாவிட்டால்தான் பிளே ஸ்டோர் கேச். செட்டிங்ஸ், ஆப்ஸ், கூகுள் பிளே ஸ்டோர், ஸ்டோரேஜ்: முதலில் 'கிளியர் கேச்', பலன் இல்லையென்றால் 'கிளியர் டேட்டா'. பிளே ஸ்டோரில் டேட்டாவை அழித்தால் மற்ற ஆப்கள் போகாது. அதன் சொந்த அமைப்புகள் மட்டும் பழையபடி ஆகும். அதே பட்டனை வாட்ஸ்அப்பில் அழுத்தினால் சாட் போய்விடும், யுபிஐ ஆப்பில் அழுத்தினால் மறுபடி பதிவு செய்ய வேண்டும். பெயரைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

பீரோவில் மாதக்கணக்கில் கிடந்த போன் என்றால் வேறொன்றையும் பாருங்கள். பேட்டரி முழுதும் தீர்ந்து எழுந்த போனில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கலாம். பாதுகாப்புச் சான்றிதழ்களைத் தேதி வைத்தே போன் சரிபார்ப்பதால், அப்போது பிளே ஸ்டோர் திறக்காது, நெட் இருந்தும் 'கனெக்ஷன் இல்லை' என்றே சொல்லும். தேதி, நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றினால் போதும். விளம்பரம் வராமல் இருக்க யாரோ போட்டுவைத்த விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ் (இரண்டும் நெட் இணைப்பை வேறு வழியாகத் திருப்பும் அமைப்புகள்) இருந்தாலும் அணைத்துப் பாருங்கள்.

இனி பேங்க் ஆப். நம் பக்கத்தில் இந்தச் சிக்கல் நிறைய. போனில் இருந்தது மகனுடைய கூகுள் கணக்கு; அதன் நாடு சிங்கப்பூர். இந்தியாவுக்கு மட்டும் வெளியிட்ட ஆப்கள் அந்தக் கணக்கில் தெரியாது. நாட்டை மாற்றலாம், ஆனால் அதற்கு இந்தியப் பணம் செலுத்தும் வழி ஒன்று சேர்க்க வேண்டும், மாற்றம் வர 48 மணி நேரம்கூட ஆகும், மாற்றினால் ஓராண்டுக்கு மறுபடி மாற்ற முடியாது. மகனுடைய கணக்கில் அந்த வேலை எதற்கு? ஆச்சியின் பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கிப் போனில் சேர்த்து, பிளே ஸ்டோரில் மேலே இருக்கும் படத்தைத் தொட்டு அந்தக் கணக்குக்கு மாறினோம். பேங்க் ஆப் உடனே தெரிந்தது. பழைய கணக்கை நீக்கவில்லை. தொடர்பு எண்கள் அதில்தான் இருந்தன.

அந்த ஆப்பை யாராவது ஏபிகே கோப்பாக (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக நிறுவும் ஆப் கோப்பு) அனுப்பி முன்பே போட்டிருந்தால், வெளியிட்டவரைக் காட்டும் அதன் டிஜிட்டல் கையொப்பம் வேறாக இருக்கலாம். அப்படியானால் பிளே ஸ்டோர் அதன் மேல் அப்டேட் ஏற்றாது. அங்கே மட்டும் நீக்கிவிட்டுப் புதிதாகப் போடத்தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வரும் ஏபிகேயைத் தொடவே கூடாது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், ஆப்பாக வராது. வருவது ஓடிபியைத் திருடும் கோப்பு. 'அன்னோன் ஆப்ஸ்' அனுமதியை வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அணைத்து வையுங்கள். தவறித் தொட்டுப் பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

ஐபோன் என்றால் பார்க்க வேண்டியவை குறைவு. மொபைல் டேட்டாவில் 200 எம்பிக்கு மேற்பட்ட ஆப்பைக் கேட்டுத்தான் இறக்கும். ஆப் ஸ்டோர் செட்டிங்ஸில் அதை மாற்றலாம். பழைய பாக்கி ஏதேனும் நின்றால் இலவச ஆப்பும் இறங்காமல் போகும்.

பேங்க் ஆப் இறங்கியும் பதிவு ஆகவில்லை. போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போக வேண்டும். கணக்கோடு இணைத்த எண்ணின் சிம் அதே போனில் இருக்க வேண்டும், அதில் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியுள்ள ரீசார்ஜும் வேண்டும். சிம் சரியாக இருந்தது, ரீசார்ஜும் இருந்தது. இதற்குள் ஆச்சி போனோடு இரண்டாம் கட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். மறுபடி வளவுக்கு வந்து அழுத்தியதும் எஸ்எம்எஸ் போய்ப் பதிவு முடிந்தது. புதுக் கணக்கின் மீட்பு எண்ணாக ஆச்சியின் எண்ணையே கொடுத்துவிட்டு எழுந்தோம்.