பபியானின் பளிங்குப் பலகை

ரோமுக்குத் திருப்பயணம் போகிறவர்கள் பேதுரு பேராலயத்தைப் பார்த்த கையோடு பழைய ஆப்பியா சாலைக்கும் போய்விட்டு வர வேண்டும். புனித கலிஸ்து நிலத்தடிக் கல்லறை அங்கேதான் இருக்கிறது. ஆதித் திருச்சபையின் வேதசாட்சிகள், அதாவது விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்கள், எப்படிப் புனிதர்களாக ஏற்கப்பட்டார்கள் என்பது, மறைக்கல்வி வகுப்பில் விளங்காமல், அங்கே ஒரு உடைந்த பளிங்குப் பலகைக்கு முன்னால்தான் எனக்கு விளங்கியது.

படி இறங்கினதுமே குளிர்கிறது. மண்ணும் இல்லை, கல்லும் இல்லை என்கிற மாதிரியான ஒருவகை எரிமலைப் பாறை. வெட்டும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகிவிடும். இரண்டு பக்கச் சுவரிலும் அடுக்கடுக்காக உடல் வைத்த பொந்துகள். குழந்தைகளுக்கு வெட்டியவை ஒரு கை நீளம்கூட இல்லை. சலேசிய சபையார் பொறுப்பில் இருக்கும் இடம் இது. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், விட்டால் வழி தெரியாது.

திருத்தந்தையர் அறை சின்னதுதான். 3-ஆம் நூற்றாண்டின் ஒன்பது திருத்தந்தையரை இங்கே அடக்கம் செய்தார்கள். அவர்களில் ஒருவரான பபியானின் பலகை இங்கேதான் இருக்கிறது. ரோமப் பேரரசர் டேசியுஸ் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், 250 ஜனவரி 20 அன்று உயிர் கொடுத்தவர். அவர் பெயரும் ஆயர் என்ற சொல்லும் (ரோமின் ஆயர்தான் திருத்தந்தை) கிரேக்கத்தில் ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் வேதசாட்சி என்பதைக் குறிக்கும் ஒரு சுருக்கக் குறி. அது மட்டும் அவ்வளவு ஆழமாக இல்லை. பிற்பாடு வேறொரு கை சேர்த்தது.

ஏன் பிற்பாடு? ஒரு விளக்கம் இது: பபியான் இறந்தபின் துன்புறுத்தல் கடுமையாக இருந்ததால் ஓராண்டுக்கு மேல் ரோமில் புதிய ஆயரே இல்லை. வேதசாட்சி என்று அறிவிக்க வேண்டியவர் ஆயர். 251-இல் கொர்னேலியு புதிய ஆயராக வந்த பிறகுதான் அதற்கு வழி பிறந்திருக்கும். அதுவரை அந்தக் குறி இல்லாத கல்லறை முன்னால்தான் மக்கள் ஜெபித்திருப்பார்கள். இதை நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்று புனிதர் பட்டம் கொடுப்பதற்கு இருக்கும் விசாரணை ஆணையம், புதுமைகளுக்கு (அற்புதங்களுக்கு) மருத்துவர் சான்று எதுவும் அந்தக் காலத்தில் கிடையாது. ஒரு கல்லறை, ஒரு தேதி, இரண்டும் இருந்தால் போதும். இறந்த நாளை விண்ணகப் பிறந்தநாள் என்று வைத்து, ஆண்டுதோறும் கல்லறையில் கூடிப் பூசை வைத்தார்கள். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், சிறையில் சாகிறவர்களின் நாளைக் குறித்து வையுங்கள், அவர்கள் நினைவைக் கொண்டாட வேண்டும் என்று தம் குருக்களுக்கு எழுதினார். 354-இல் ரோமில் தொகுத்த நாள்காட்டியிலும் இதே முறைதான்: தேதி, பெயர், கல்லறை. ஜனவரி 20, பபியான், கலிஸ்து கல்லறையில். அவ்வளவுதான் பதிவு.

அதற்காக யாரை வேண்டுமானாலும் வணங்கலாம் என்றும் விட்டுவிடவில்லை. அதே கார்த்தேஜில் லூசில்லா என்ற செல்வந்தப் பெண் நற்கருணை வாங்குமுன் ஒரு எலும்பை முத்தமிடுவது வழக்கம். வேதசாட்சியின் எலும்பாகவே இருக்கட்டும், திருச்சபை இன்னும் ஏற்கவில்லையே என்று தலைமைத் திருத்தொண்டர் (குருக்களுக்கு அடுத்த நிலைப் பணியாளர்களின் தலைவர்) கண்டித்தார். மக்களின் பக்தி முதலில் வரும், ஆயரின் ஒப்புதல் பின்னால் வரும், இரண்டும் வேண்டும். அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

இதே அறையில் அடக்கமான இரண்டாம் சிக்ஸ்துவை 258 ஆகஸ்ட் 6 அன்று கல்லறைத் தோட்டத்திலேயே பிடித்துக் கொன்றார்கள், நான்கு திருத்தொண்டர்களோடு சேர்த்து. நான்கு நாள் கழித்து அவருடைய இன்னொரு திருத்தொண்டரான லாரன்ஸையும் கொன்றார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து வந்த திருத்தந்தை தமசுஸ் இவர்களுக்காகப் பளிங்கில் கவிதை வெட்டி வைத்தார். தம் உடலையும் இங்கே புதைக்க ஆசைதான், ஆனால் புனிதர்களின் சாம்பலைத் தொந்தரவு செய்ய அஞ்சினேன் என்று அதில் சொல்கிறார். திருத்தந்தைக்கே அந்தப் பயபக்தி!

அப்புறம் நூற்றாண்டுக் கணக்கில் இந்த இடமே மறந்துபோனது. 1849-இல் தெ ரோஸ்ஸி என்ற ஆய்வாளர் ஒரு திராட்சைத் தோட்டத்தில் கொர்னேலியுவின் பெயரில் பாதியும் வேதசாட்சி என்ற சொல்லும் இருந்த பளிங்குத் துண்டைப் பார்த்தார். மீதித் துண்டு பிறகு கல்லறையிலேயே கிடைத்தது. 1854-இல் இந்த அறையையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

ஒரு திருத்தந்தை முறைப்படி புனிதர் பட்டம் அறிவித்ததாகத் தெரியும் முதல் நிகழ்வு 993-இல், ஆக்ஸ்பர்க் ஆயர் உல்ரிக்குக்கு. பபியானுக்கு ஏழு நூற்றாண்டுக்கும் பின்னால்.

புதன்கிழமை மூடியிருக்கும், படம் எடுக்கக் கூடாது. உங்கள் குழுவோடு குருவானவர் வந்தால், முன்கூட்டியே கேட்டு உள்ளேயே பூசை வைக்கலாம். அவரிடம் பூசையின் மைய ஜெபமாக முதலாம் நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்படி கேளுங்கள். சிக்ஸ்து, கொர்னேலியு, சிப்ரியான், லாரன்ஸ் என்று அதில் அடுத்தடுத்து வரும் நான்கு பேரில் முதல் இருவரை அடக்கம் செய்தது அந்தச் சுவர்களுக்குள்தான்.