ஓவல் செயின்ரிங் ஆய்வுக்கு ஆள் சேர்த்த அனுபவம்

இங்கே சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். புதிதாக வடிவமைத்த ஓவல் செயின்ரிங்கை, அதாவது பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரத்தை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகச் செய்ததை, சோதிக்க சைக்கிளோட்டிகள் தேவைப்பட்டார்கள், ஆள் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஆள் கிடைப்பது பெரிய பாடே இல்லை. ஞாயிறு விடியற்காலையில் சாங்கி கோஸ்ட்டல் ரோடு பக்கமோ மண்டாய் பக்கமோ போனால், 2022 ஜனவரியில் வந்த விதிப்படி ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இரட்டை வரிசை என்றால் பத்துப் பேர் வரை, குழு குழுவாக ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஓட்டும்போது யாரையும் நிறுத்தாதீர்கள். ஓட்டி முடித்துப் பரோட்டா கடையில் உட்கார்ந்த பிறகுதான் காது கொடுத்துக் கேட்பார்கள்.

யார் வருகிறார்கள் என்பதில்தான் சிக்கல். முதலில் கை தூக்கியவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஓவலை நம்புகிறவர்கள். 2012இல் பிரிட்டிஷ் வீரர் பிராட்லி விக்கின்ஸ் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தது ஓவல் செயின்ரிங்கில்தானே என்பார்கள். அது உண்மைதான். யோசனையிலும் நியாயம் இருக்கிறது: பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலுக்கு அழுத்தம் கிடைக்காது, அந்த இடத்தில் கியர் இலேசாகி, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) படுக்கைவாட்டில் வரும்போது கனமாகிறது. ஆனால் கிராங்க்கில் பொருத்தி, மிதிக்கும் திறனை வாட்ஸில் அளக்கும் பவர் மீட்டர்கள் பலவும் கிராங்க் ஒரு சுற்று முழுக்க ஒரே வேகத்தில் சுற்றுவதாக எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகின்றன. ஓவலில் சுற்றுக்குள்ளேயே வேகம் மாறும், அதனால் வாட்ஸ் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். "கூடுச்சு, நானே பார்த்தேன்" என்பவரிடம் வாதாடிப் பயனில்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டோம், ஆனால் என்ன எதிர்பார்த்து வருகிறார்கள் என்பதை முதலிலேயே படிவத்தில் எழுதி வாங்கினோம். அப்புறம் இதைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாதவர்களைத் தேடிப் போனேன். செயின்ரிங்கை அட்டை வைத்து மறைக்கலாம், ஆனால் கால் கண்டுபிடித்துவிடும். எது முதலில், வட்டமா ஓவலா என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வதும், முகமூடி மாட்டி ஆக்சிஜன் செலவை அளப்பதும் எதிர்பார்ப்பு முடிவை மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

விளம்பரத்தில் "உங்கள் வேகம் கூடும்" என்று ஒரு வரி போடக்கூட நெறிமுறைக் குழு விடாது. விடக்கூடாது என்றுதான் நானும் சொல்வேன், அதைத்தானே இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஐம்பது தாண்டிய ஓர் அண்ணன், கப்பல் பட்டறையில் வேலை, ஒப்புதல் படிவத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார்.

"நடுவுல வேணாம்னு தோணுச்சுன்னா என்னம்மா பண்றது?"

"எழுந்து போயிடலாம்ண்ணே. காரணம்கூடச் சொல்ல வேண்டாம்."

"அப்ப சரி."

கையெழுத்துப் போட்டவுடன் என் கையிலிருந்த டேப்பை வாங்கி, தன் சைக்கிளில் கிராங்க் அச்சிலிருந்து சீட் வரைக்கும் தானே அளந்தார், ஆய்வுக்கூட சைக்கிளிலும் அதே உயரம் வந்த பிறகுதான் ஏறினார். கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் நேரத்துக்கு வந்தார்.

அவரைப் போல எல்லோரையும் திரும்ப வரவைப்பதுதான் இதில் உண்மையான வேலை. ஒவ்வொரு தடவையும் அதே நேரம், அதே ஷூ, அதே கிளீட் (ஷூவின் அடியில் பெடலோடு பூட்டும் துண்டு), முதல் நாள் கடுமையான ஓட்டம் கூடாது, காலையில் கோப்பி கூடாது. ஒருவர் பாதியில் நின்றுவிட்டால் வட்டத்தில் எடுத்த அளவுக்கு ஓவலில் ஜோடி இல்லை, ஒப்பிடவே முடியாது. சனிக்கிழமை காலை வரச் சொன்னால் அவர்களுடைய நண்பர்களோடு ஓட்டும் நேரத்தைப் பறிக்கிறோம் என்று அர்த்தம், அதனால் வார நாள் மாலைகளுக்கு மாற்றினேன், விலகுகிறவர்கள் குறைந்தார்கள். பெண்கள் சேர்ந்ததும் அதற்குப் பிறகுதான் கூடியது.

காலத்தையும் பாருங்கள். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் பாதிப் பேர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். ஜனவரி தொடக்கம் நல்லது, மழையால் வெளியே ஓட்ட முடியாதவர்கள் உள்ளே வந்து மிதிக்கச் சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறார்கள்.