கோஸ்டர் மோட்டர் ஹோமுக்கு பல்ப் மாத்தினது: பல்பின்ர முளையைப் பார்க்காம வாங்காதைங்கோ

எங்கட மோட்டர் ஹோம், அதாவது உள்ளுக்கே படுத்து எழும்பக்கூடிய வாகனம், ஒரு பழைய டொயோட்டா கோஸ்டர் பஸ், நானும் மச்சானும் சேர்ந்து வாங்கினது, முதல் வச்சிருந்தவர் இங்கிலாந்துப் பழைய கேரவன் சாமான்களைக் கழட்டி உள்ளுக்குப் பூட்டியிருக்கிறார். பார்க்க நல்ல வடிவு, ஆனா லைட் எல்லாம் ஹலஜன். சீலிங்கில மட்டும் ஆறு, ஒவ்வொண்டும் 10 வொட், ஆறையும் போட்டா 60 வொட், 12 வோல்ட் பற்றரியில இருந்து 5 அம்பியர் ஓடுது. பற்றரி 100 அம்பியர்-மணி எண்டு எழுதியிருக்குத்தான், ஆனா லெட் அசிட் பற்றரியைப் பாதிக்குக் கீழ இறக்கிறது நல்லதில்ல, அப்ப கையில இருக்கிறது 50, அதிலதான் ஃப்ரிட்ஜும் ஃபேனும். விடிய முதலே ஃபேன் நிண்டிடும். கற்பிட்டியில ஃபேன் இல்லாம நித்திரை கொண்டு பாருங்கோ, அப்ப விளங்கும் ஏன் எல்லாத்தையும் எல்ஈடி ஆக்க வெளிக்கிட்டம் எண்டு.

சீலிங் லைட்டுக்கு வாறது ஜி4, ரெண்டு மெல்லிய கம்பி, நடுவில 4 மில்லிமீற்றர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில லேசாக் கிடைக்கும். மச்சான் வேலை முடிஞ்சு வரேக்க ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்திட்டார், போட்டம், எரிஞ்சுது, எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த நாள் மத்தியானம் சோலார் பனல் நல்லா சார்ஜ் ஏத்திக்கொண்டிருக்கேக்க ஒரு பல்ப் மினுங்கத் தொடங்கி அப்பிடியே செத்துது, பக்கத்துப் பல்பைத் தொட்டா கை சுடுது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தா 12 வோல்ட் ஏசி எண்டு போட்டிருக்கு. ஏசி எண்டா மாறு மின்னோட்டம், அது வீட்டு ட்ரான்ஸ்ஃபோமருக்குப் போடுற சாமான், பற்றரி குடுக்கிறது டிசி, நேர் மின்னோட்டம். பற்றரியில 12 எண்டுறது பேருக்குத்தான், சார்ஜ் ஏறேக்க 14.4 வரைக்கும் போகும், 12க்கு மட்டும் எண்டு செய்த மலிவுப் பல்ப் அதைத் தாங்காது. கடைக்குக் கொண்டுபோனா, "பூட்டின சாமான் திருப்பி எடுக்கமாட்டம் அண்ணை", அவ்வளவுதான் பதில். அந்தப் பொடியன் பெட்டியில என்ன எழுதியிருக்கு எண்டு பார்க்கவே இல்ல.

ஆனபடியா முதல் விசயம், பெட்டியில "டிசி 10-30 வோல்ட்" எண்டு இருக்கோணும். வாயால சொல்லுறதை நம்பாதைங்கோ, எழுத்தில காட்டச் சொல்லுங்கோ. விலை கூடத்தான், பரவாயில்ல.

இனி கட்டிலுக்கு மேல இருக்கிற வாசிக்கிற லைட். அதுக்கு வாறது பிஏ15டி எண்டு சொல்லுற பல்ப், பித்தளைக் கழுத்து, கீழ ரெண்டு ஈயப் பொட்டு, பக்கத்தில ரெண்டு முளை, ஹோல்டருக்குள்ள தள்ளித் திருப்பேக்க அந்த முளையிலதான் பூட்டுப்படும். பழைய பல்பைக் கடதாசியில சுத்திக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போனன். கவுண்டரில இருந்தவர் தூரத்தில வச்சே ஒருக்காப் பார்த்திட்டு "டபல் கொன்டெக்ட்" எண்டு லாச்சியை இழுத்து ஒட்டின பக்கெட்டோட ரெண்டு எடுத்து வச்சார். அவரிட்ட ஆரும் இதுக்கு முதல் படுக்கிற லைட்டுக்கு பல்ப் கேட்டிருக்க மாட்டினம் போல. வெள்ளவத்தைக்கு வந்து பக்கெட்டை உடைச்சு பல்பைப் போட்டா உள்ள போகுது, திரும்புதில்ல. வெளியில எடுத்து பழசையும் புதுசையும் பக்கத்தில பக்கத்தில பிடிச்சுப் பார்த்தன். பழசில முளை ரெண்டும் ஒரே உயரம். புதுசில ஒண்டு மேல, ஒண்டு கொஞ்சம் கீழ. அது பிஏவை15டி, காரின்ர ஸ்டொப் லைட்டுக்கும் பார்க் லைட்டுக்கும் சேர்த்துப் போடுறது, மாறிப் பூட்டாம இருக்கத்தான் முளையை ஏத்தி இறக்கி வச்சிருக்கு. திரும்பப் போய்ச் சொன்னா அந்தாள் கேட்டாரே ஒரு கேள்வி, "அந்த முளையை அரத்தால கொஞ்சம் ராவினா போகும்தானே?" எனக்கு வந்த கோவத்துக்கு… விடுங்கோ.

அதே ரோட்டில இன்னொரு கடையில ஒரு நானாதான் கண்ணாடியைப் போட்டு பல்பை வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்திட்டு, "தம்பி இது படகுக்குப் போடுறது, முகத்துவாரப் பக்கம் போங்க" எண்டார். அங்க படகுச் சாமான் விக்கிற கடை ஒண்டில கேட்டவுடன எடுத்துத் தந்திச்சினம், எல்ஈடி, 10-30 வோல்ட், முளை ரெண்டும் ஒரே மட்டம். பஸ்ஸில வரேக்க பக்கெட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டு வந்தன், பக்கத்தில இருந்தவர் என்ன நினைச்சாரோ.

கோஸ்டர், ரோசா மாதிரி டீசல் பஸ்ஸில செய்த மோட்டர் ஹோம் வச்சிருக்கிறாக்கள் இதை வடிவா வாசியுங்கோ. வாகனத்தின்ர சொந்த வயரிங் 24 வோல்ட், ரெண்டு 12 வோல்ட் பற்றரி சீரிஸில. பின்னுக்கு நாங்கள் வச்ச வீட்டுப் பற்றரிதான் 12. எங்கட கதவுப் படி லைட் வாகன வயரில இருந்து வருது, அது தெரியாம கராஜ் எலக்ட்ரீசியன் 12 வோல்ட் பல்பைப் போட்டு சுவிச்சைத் தட்டினார், டப். எஞ்சின் ஓடேக்க வோல்ட் மீற்றரை வச்சா 28ஐத் தொடுது. ஒவ்வொரு ஹோல்டருக்கும் மீற்றர் வச்சுப் பார்த்திட்டுத்தான் பல்ப் வாங்கோணும். 10-30 எண்டா ரெண்டு பக்கத்துக்கும் சரிவரும்.

அந்தப் படி லைட்டுக்குப் போடுறது ரெண்டு முனையும் கூரான குழாய் பல்ப், அது 31, 36, 39, 41 எண்டு மில்லிமீற்றர் கணக்கில வரும். "எல்லாம் ஒண்டுதான்" எண்டுவாங்கள். ஒண்டில்ல. மகளின்ர அடிமட்டத்தைக் கொண்டுபோய் கடையிலயே அளந்தன், சிரிச்சாங்கள், சிரிக்கட்டும். எரியாட்டி உடன தூக்கி எறியாம மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுப் பாருங்கோ, சில எல்ஈடி பிளஸ் மைனஸ் மாறினா எரியாது.

கலரில விட்டுக்கொடுக்காதைங்கோ. இஞ்ச எந்தக் கடையிலயும் முதல் நீட்டுறது டேலைட், 6500 கெல்வின், அந்தச் சின்ன இடத்துக்குள்ள போட்டா ஆஸ்பத்திரி வார்ட் மாதிரி இருக்கும், பூச்சியும் கூட வரும். 2700 இல்லாட்டி 3000 கேளுங்கோ, அது மஞ்சள் வெளிச்சம். வாங்கினதும் ஒண்டைப் போட்டிட்டு எஃப்எம் ரேடியோவையும் போட்டுப் பாருங்கோ, சில பல்புக்கு உள்ள இருக்கிற சர்க்கிட் இரைச்சல் குடுக்கும், நுவரெலியாவில சிக்னல் குறைஞ்ச இடத்தில ஒண்டும் கேக்காது. எங்களுக்கு அப்பிடி வந்ததைக் கழட்டி டொய்லெட்டுக்கு மாத்தியாச்சு.

இப்ப சீலிங் ஆறும் 2 வொட் படி, மொத்தம் 12 வொட், 1 அம்பியர்தான் போகுது. ஃபேன் விடிய விடிய ஓடுது. வெளியில சிக்னல் லைட்டில நாங்கள் கை வைக்கேல்ல, அதில எல்ஈடி போட்டா சிக்னலை விட்டு விட்டு எரிய வைக்கிற ஃபிளாஷர் தாறுமாறா வேகமா அடிக்கும், பிறகு அதுக்கு வேற சாமான் தேடி அலையோணும்.

அரத்தால ராவச் சொன்ன அந்த ரெண்டு பல்பும் இன்னும் டாஷ்போர்டுக்குள்ள கிடக்கு. 12 வோல்ட் கார் வச்சிருக்கிற ஆருக்காவது ஸ்டொப் லைட்டுக்குத் தேவையெண்டா சொல்லுங்கோ, சும்மாவே தாறன்.