படகைப் பார்க்கமுன் வாகனத்தைப் பாருங்கள்

திருகோணமலையில் படகு தண்ணீருக்குப் பக்கத்திலேயே கிடக்கும். மணலில் ஏற்றி வைத்திருப்பார்கள், விடிய நாலு பேர் சேர்ந்து தள்ளினால் மிதக்கும். கனடாவில் எங்கள் ஜெட் படகு ஸ்காபரோ வீட்டு வாசலில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அது மிதக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு மணித்தியாலமாவது நெடுஞ்சாலையில் உருள வேண்டும். அங்கே படகு வாங்க ஆசைப்படுகிற நம் ஆக்கள் எஞ்சினையும் சீற்றுகளையும் பாட்டுப் பெட்டியையும்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது உங்கள் வாகனத்தின் பின்பக்கத்தை.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வந்திருக்கிறோம். உப்புவெளியில் அம்மா வீட்டு விறாந்தையில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அண்ணா நிலாவெளியிலிருந்து புறாமலை என்ற தீவுக்கு சுற்றுலா ஆக்களை ஏற்றி இறக்குகிறவர். ஃபைபர் படகு, பின்னால் தொங்கும் அவுட்போர்ட் எஞ்சின். எங்கள் படகின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் எங்க பிள்ளை?" என்று கேட்டார். படகின் பின்னால் ஒன்றும் இல்லை, கால் வைத்து இறங்க ஒரு தட்டுதான் இருக்கிறது. கேள்வி நியாயமானது.

ஜெட் படகில் எஞ்சின் உள்ளுக்குள் இருக்கும். படகின் அடியில் கம்பித் தட்டி போட்ட ஒரு வாய். அதன்வழியே தண்ணீரை உறிஞ்சி, உள்ளே சுழலும் இம்பெல்லர் என்கிற உள்விசிறி அதைப் பின்னுக்கு ஒரு குழாயால் பீச்சி அடிக்கும். அந்தக் குழாய்முனை திரும்பும் பக்கம் பார்த்துப் படகு திரும்பும். சுக்கான் கிடையாது, வெளியே சுழலும் விசிறியும் கிடையாது. நியூசிலாந்தில் பில் ஹமில்ட்டன் என்பவர் 1950களில் இதை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அங்குள்ள கல் நிறைந்த ஆழமில்லாத ஆறுகளில் விசிறி உடைந்துவிடும் என்பதால் பிறந்த யோசனை அது.

நாங்கள் இதை எடுத்ததற்குக் காரணம் ஆறும் இல்லை, கல்லும் இல்லை. பிள்ளைகள். எங்கள் ஆக்கள் படகில் போவது ஓடுவதற்கு அல்ல, எங்காவது நிறுத்திக் குதிப்பதற்கும் சாப்பிடுவதற்கும்தான். பின்தட்டில் இருந்து பிள்ளைகள் ஏறி இறங்கும் இடத்தில் கூரான விசிறி இல்லை என்பது எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. ஆனால் விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஜெட் படகுகளில் எஞ்சின் ஓடினால் இம்பெல்லரும் ஓடும். நடுநிலை என்று நாம் நினைப்பது, பின்னால் ஒரு வாளி போன்ற தகடு இறங்கிப் பீச்சலை மறித்துப் பிரித்துவிடுவது மட்டுமே. அடியில் உறிஞ்சல் நிற்காது. நீளமான தலைமுடி, கயிறு, நீச்சலுடையின் நாடா எல்லாம் உள்ளே போகலாம். அதனால் எங்கள் படகில் எஞ்சின் நிற்காமல் யாரும் பின்தட்டுக்குப் போகக்கூடாது. சாவியைக் கழற்றி என் கையில் வைத்திருப்பேன். என் கணவர் வவுனியாக்காரர், குளத்தில் நீந்தப் பழகியவர். இந்த விஷயத்தில் நான் ஆமிக்காரி மாதிரி என்கிறார். இருக்கட்டும்.

அண்ணாவுக்கு இன்னொரு சந்தேகம். "எஞ்சினைக் குறைச்சா எப்படித் திருப்புவாய்?" கடற்காரன் கேட்கிற கேள்வி. பீச்சல் இல்லாவிட்டால் திருப்பமும் இல்லை. முன்னால் ஏதோ வந்துவிட்டது என்று பதறி வேகத்தை முழுதாகக் குறைத்தால், படகு அதே திசையில் வழுக்கிக்கொண்டு போகும். திருப்ப வேண்டுமென்றால் கொஞ்சம் வேகம் கொடுத்தே திருப்ப வேண்டும். சின்ன வயதிலிருந்து அவுட்போர்ட் பிடித்த கைக்கு இது பழகச் சுணங்கும். இதற்காகப் புதிய படகுகள் சிலவற்றில் பின்னால் ஒரு சிறிய அசையும் வால் வைக்கிறார்கள். துறைமேடையில் மெதுவாக ஒட்டும்போது அது கைகொடுக்கும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 19 அடியில் ஒற்றை எஞ்சின், 24 அடிக்குக் கிட்டப் போனால் இரட்டை எஞ்சின். யமஹாவும் ஸ்காரப்பும் செய்கிறார்கள். சீடூ 2012இல் இந்த வகைப் படகுகளை விட்டுவிட்டது, அதனால் அவை பழையதாகத்தான் கிடைக்கும். பழையது வாங்கினால் படகின் மினுக்கத்தைப் பார்க்காமல் குனிந்து அடித்தட்டியைப் பாருங்கள், டோர்ச் அடித்து இம்பெல்லரின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு பல்லுப்பல்லாக இருந்தால் முன்னையவர் மணலையும் கல்லையும் உறிஞ்ச விட்டிருக்கிறார். எஞ்சின் எண்ணெய் பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். ஜெட் படகு பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும், சத்தமும் கூடுதல். இரண்டையும் தெரிந்துகொண்டே வாங்கினோம்.

சரி, வாகனத்துக்கு வருவோம்.

கனடாவில் தமிழ்க் குடும்பமென்றால் வாசலில் ஒரு மினிவான் நிற்கும். எங்களிடம் இருந்தது சியென்னா. அது இழுக்கக்கூடியது 3,500 இறாத்தல், அதாவது 1,588 கிலோ. ஒரு விற்பனையாளர், "19 அடிதானே, தாராளமாக இழுக்கும்" என்றார். நான் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். படகு வெறும் உடம்பாக 1,000 கிலோவுக்குக் கிட்ட. ட்ரெய்லர் 300 முதல் 400 கிலோ. 100 லீற்றர் பெற்றோல் 74 கிலோ. நங்கூரம், பற்றரி, கயிறுகள், உயிர்காப்பு அங்கிகள், பிள்ளைகளை இழுக்கும் ரப்பர் ட்யூப், ஐஸ் பெட்டி, கோழி ஊறப்போட்ட சட்டி. 1,500ஐத் தாண்டிவிட்டது. இதற்கு மேல், மொத்த எடையில் கிட்டத்தட்ட 10 வீதம் வாகனத்தின் கொக்கியை அழுத்தும். அந்தப் பாரமும் வாகனத்துக்குள் இருக்கும் ஆக்களின் பாரமும் ஒரே கணக்கில் சேரும். மாமா, மாமி, பிள்ளைகள் என்று நிறைத்துக்கொண்டு போகும் வானுக்கு இது ஆகாது. இழுக்கும்தான், ஆனால் 400ஆம் நெடுஞ்சாலையில் முன்னால் போகிறவன் பிரேக் அடித்தால் நிற்க வேண்டுமே.

கடைசியில் வானைக் கொடுத்துவிட்டு வி6 எஞ்சின் ஹைலாண்டர் ஒன்று எடுத்தோம். அது 5,000 இறாத்தல், 2,268 கிலோ. அதே வாகனத்தின் ஹைபிரிட் வகை 3,500 இறாத்தல்தான் இழுக்கும், பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவும் அதற்கு மேலுமான ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். படகு ட்ரெய்லர்களில் பெரும்பாலும் வருவது, வாகனம் வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னுக்கு முட்டும் அந்த அழுத்தத்தாலேயே இயங்கும் பிரேக். சாதாரண ஜி வகைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு 4,600 கிலோ வரை இழுக்கலாம், தனி அனுமதி தேவையில்லை. படகை ஓட்டத்தான் ஒரு அட்டை எடுக்க வேண்டும். 2009 செப்டம்பரிலிருந்து மோட்டார் படகு ஓட்டுகிற எல்லோருக்கும் அது கட்டாயம். இதைச் சொன்னதும் அண்ணா சிரித்த சிரிப்புக்கு அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா.

பின்னுக்கு எடுப்பது தனிக்கலை. ட்ரெய்லர், கயிற்றில் கட்டிய கடா மாதிரி, நாம் திருப்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்தான் போகும். ஒரு கையை ஸ்ரியரிங்கின் அடிப்பக்கத்தில் வைத்துக்கொண்டால் சுகம். கை போகும் பக்கம் ட்ரெய்லர் போகும். ஞாயிறு விடிய, கடைத்தொகுதி ஒன்றின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் பழகினேன். இவர் வெளியே நின்று கை காட்டுவார். கை காட்டுகிறவர் கண்ணாடியில் தெரியாத இடத்தில் நின்றால் குடும்பச் சண்டை நிச்சயம், அதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படகை ஏரியில் இறக்கும் சரிவுக்கு என்று ஒரு ஒழுங்கு உண்டு. வடிகால் அடைப்பானைப் பூட்டுவது, பட்டிகளைக் கழற்றுவது, சாமான் ஏற்றுவது எல்லாம் ஓரமாக நிறுத்திச் செய்ய வேண்டிய வேலைகள். சரிவில் நிற்பது இறக்குவதற்கு மட்டும். படகை ட்ரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் முன்பக்க வின்ச் பட்டியைத் தண்ணீர் விளிம்புக்கு வரும்வரை கழற்றவே கூடாது. நெடுஞ்சாலையில் ஓடிவந்த சில்லுகளின் பெயாரிங் சூடாக இருக்கும், உடனே குளிர்நீரில் இறக்கினால் உள்ளே தண்ணீர் இழுக்கும். கொஞ்சம் ஆற விடுவது நல்லது. நீண்ட வாரயிறுதிகளில் வரிசை பெரிதாக இருக்கும். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் துறையில் பாதைப் படகுக்குக் காத்து நின்ற எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

திரும்பும்போது இன்னொரு வேலை. 2022 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் படகைத் தரைவழியே கொண்டுபோகமுன் ஒட்டியிருக்கும் பாசி, செடி, உயிரினங்களை அகற்ற வேண்டும், அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். காரணம் ஸீப்ரா மட்டி போன்றவை. கப்பல்களின் அடிநீரோடு ஐரோப்பாவிலிருந்து வந்து 1988இல் சென்ற் கிளேயர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தச் சின்ன மட்டி, படகுகளோடு ஏரிக்கு ஏரி தாவியிருக்கிறது. ஜெட் படகின் உள்வாயில் செடி சிக்குவது வழமை என்பதால் எங்களுக்கு இரட்டை வேலை.

நாங்கள் அதிகம் போவது சிம்கோ ஏரிக்கு. கடற்கரையில் பிறந்த எனக்கு ஏரி என்றால் முதலில் ஒரு இளக்காரம்தான். 722 சதுர கிலோமீற்றர், ஆழமான இடமே 41 மீற்றர். ஆனால் காற்று மாறினால் அங்கே எழும் அலை குட்டை, நெருக்கம், செங்குத்து. திருகோணமலையின் கொட்டியாரக்குடாவில் நீண்ட அலையில் படகு ஏறி இறங்கும், சிம்கோவில் அடுத்தடுத்து முகத்தில் அறையும். இங்கே ஊரில் எந்தக் காற்றுக்கும் பெயர் உண்டு, குணம் உண்டு. இப்போது அடிக்கும் கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும், கரையில் நின்று பார்த்தால் கடல் கண்ணாடி, தள்ளிப் போனால்தான் தெரியும். வாடைக்காற்று தொடங்கினால் படகை ஏற்றிவிட வேண்டியதுதான். அங்கே அந்த அறிவு கைகொடுக்கவில்லை, வானிலை அறிவிப்பைப் பார்த்துத்தான் போகிறோம்.

தண்ணீரின் குளிர் அதைவிடப் பெரிய பாடம். மே மாதம் வெளியே வெயில் எறிக்கும், ஏரி ஐஸ் உருகி அதிக நாள் ஆகியிருக்காது. குளிர்நீரில் விழுந்தால் 1-10-1 என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், 1 மணித்தியாலமளவில் உணர்வு போகும். நீச்சல் தெரியும் என்பது அந்த முதல் நிமிடத்தில் உதவாது, அங்கிதான் உதவும். கனடாவில் படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவில் அங்கி இருக்க வேண்டும். எங்கள் படகில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது என் சட்டம்.

ஜோர்ஜியன் குடாவுக்கு இவர் போக ஆசைப்படுகிறார். கருங்கல் தீவுகள் ஆயிரக்கணக்கில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பாறைகள். ஜெட் மிதக்க ஒன்றரை அடித் தண்ணீர் போதும் என்பது அங்கே தைரியம் தரக்கூடாத தகவல். எனக்கு அங்கே இன்னொரு சிக்கல். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு மிதவை இடக்கைப் பக்கம். உலகம் இதில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அமெரிக்கக் கண்டங்களில் உள்ளே வரும்போது சிவப்பு வலக்கைப் பக்கம். அப்பாவோடு படகில் வந்து பழகிய கண் சிவப்பைக் கண்டதும் தானாக வலப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். அதனால் குடாவுக்குள் இவர்தான் ஓட்டுவார், நான் வரைபடம் பார்ப்பேன். கடல் தெரியாதவருக்கு மறக்க ஒன்றும் இல்லை.

குளிர்காலத்துக்கு முன் குழாய்களில் தங்கிய நீரை வெளியேற்றி, உறையாத திரவம் விட்டு, மூடிக் கட்ட வேண்டும். தண்ணீர் உறைந்தால் எஞ்சினில் வெடிப்பு விழும். வருடத்தில் பாதிக்கு மேல் படகு சும்மா நிற்பதற்கும் காசு கட்டுவது அண்ணாவுக்கு விளங்கவே இல்லை.

இந்தப் படகு இங்கே சரிவருமா என்று நேற்று நாங்களே கதைத்தோம். சரிவராது. மணலில் ஏற்றி இறக்கும் கரையில் ஜெட் மணலைக் குடிக்கும். மூன்று அடியாவது தண்ணீர் இல்லாமல் எஞ்சினைத் தொடங்கவே கூடாது. புறாமலைப் பக்கம் உடைந்த முருகைக் கற்கள் வேறு. உப்புநீரில் ஓடினால் ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவ வேண்டும், எஞ்சினைத் தொடங்கிய பிறகே தண்ணீர்க் குழாயைத் திறக்க வேண்டும், நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாறிச் செய்தால் தண்ணீர் புகைபோக்கி வழியே எஞ்சினுக்குள் போகும். அண்ணா தன் எஞ்சினைத் தூக்கிப் பூட்டி, படகை மணலில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார். அவருக்கு என்னிடமிருந்து தேவைப்பட்டது ஒன்றே ஒன்று. கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் மடிப்பும், தூக்கிப் பிடிக்கக் கைப்பிடியும், காலிடைப் பட்டியும் உள்ள சின்னப் பிள்ளைகளின் அங்கிகள். சுற்றுலா வரும் குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அங்கிதான் கட்டிவிட வேண்டியிருக்கிறதாம். அடுத்தமுறை பெட்டியில் சொக்கிளேற்றைக் குறைத்து அவற்றைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், அளவுகளை எழுதியும் தந்துவிட்டார்.