அடிவயிற்றிலிருந்து ஒரு மார்பகம்

2019 ஆம் ஆண்டு ஆடி மாதம், புற்றுநோய் காரணமாக என் இடது மார்பகத்தை அகற்றினார்கள். அதற்குப் பிறகு கீமோ, கதிர்வீச்சு, புற்று திரும்பாமல் இருக்கத் தினமும் ஒரு தமாக்சிஃபென் மாத்திரை என்று நாட்கள் கழிந்தன. அந்த நாட்களில் என்னோடு பேசிய எல்லோரும் உயிரைப் பற்றியே பேசினார்கள், அதில் தவறில்லை. ஆனால், எடுத்த மார்பகத்தின் இடத்தில் என் உடம்பின் சதையைக் கொண்டே இன்னொன்றை அமைக்க முடியும் என்பதை அறுவைக்கு முன்பும் யாரும் சொல்லவில்லை, பின்பும் யாரும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, வழக்கமான சோதனைக்குப் போய் வரிசையில் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் சொல்லித்தான் அதைத் தெரிந்துகொண்டேன். அந்த மருத்துவமனையின் மீது எனக்கு இன்றும் உள்ள வருத்தம் இது ஒன்றுதான். செய்துகொள்வதும் வேண்டாம் என்பதும் பிறகு. இப்படி ஒன்று உண்டு என்று அறிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் இருக்கிறது.

நான் மதுரையில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். மார்பகம் போன பிறகு முதலில் பஞ்சு வைத்துத் தைத்த பையையும், பிறகு சிலிக்கான் பட்டையையும் உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். சித்திரை வெயிலில் அந்தப் பட்டைக்கு அடியில் வியர்வை தேங்கி, கதிர்வீச்சு பட்ட தோல் சிவந்து அரிக்கும். கரும்பலகையின் மேல் ஓரத்தில் எழுதக் கையைத் தூக்கினால் பட்டை நழுவும். ஒருநாள் பத்தாம் வகுப்பில் அது முழுதாக இடம் மாறிவிட்டது. வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மணி அடிக்கும் வரை அப்படியே நின்று பாடம் நடத்தினேன். பிள்ளைகள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம், "ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்க வேண்டும், கூட வருகிறீர்களா?" என்று கேட்டேன்.

அவர் உடனே சம்மதித்தார். அம்மாதான் சம்மதிக்கவில்லை. "உயிர் பிழைத்தது போதாதாடி? நாற்பத்தாறு வயதில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டுமா?" என்று கேட்டு அழுதார். அம்மாவின் பயம் நியாயமானது என்பதால் அவரிடம் நான் வாதாடவில்லை. என்னோடு கீமோ வார்டில் இருந்த தோழி ஒருத்தி, தட்டையான மார்போடும் தழும்போடும் நிறைவாக வாழ்கிறாள். அவளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டது. இதில் யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

சர்ஜன் வெள்ளைத்தாளில் படம் போட்டு விளக்கினார். சிலிக்கான் இம்பிளான்ட் என்னும் செயற்கைப் பையை மார்புக்குள் வைப்பது சிறிய அறுவை, சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் கதிர்வீச்சு வாங்கிய மார்பில் அதைச் சுற்றி உருவாகும் உறை இறுகி, மார்பு கல்லாகிப்போகும் வாய்ப்பு கூடுதல். இரண்டாவது வழி, முதுகின் அகன்ற தசையை அதன் ரத்தக்குழாயை அறுக்காமல் அக்குள் வழியாக முன்பக்கம் திருப்பிக் கொண்டுவருவது. இத்தாலிய சர்ஜன் தன்சினி 1906 லேயே அதை விவரித்திருந்தும், பல பத்தாண்டுகள் அது மறக்கப்பட்டுக் கிடந்து, 1970களில்தான் மீண்டும் வழக்கத்துக்கு வந்ததாம். நம்பகமான முறைதான், ஆனால் பலருக்கு அளவு போதாமல் அதற்கு அடியிலும் இம்பிளான்ட் வைக்க நேரிடும். மூன்றாவது வழி அடிவயிறு. 1982 இல் அமெரிக்காவின் ஹார்ட்ராம்ப் வெளியிட்ட 'ட்ராம்' முறையில் வயிற்றின் நேர்த்தசையும் சேர்ந்து மேலே போகும்; அதனால் பின்னாளில் வயிறு பலவீனமாகவோ குடலிறக்கம் வரவோ இடமுண்டு. தசையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அதற்குள் ஊடுருவி வரும் நுண்குழாய்களை மட்டும் பிரித்தெடுத்து, தோலையும் கொழுப்பையும் கொண்டுபோகலாம் என்று 1989 இல் ஜப்பானின் கொஷிமா காட்டினார். 1992 இல் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஆலன் அதை மார்பகத்துக்குப் பயன்படுத்தினார். 'டீப்' என்று அழைக்கப்படும் அந்த முறையைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன்.

தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது. உடம்புக்குள் இன்னொரு பொருளை வைத்துக்கொண்டு, அதை எப்போது மாற்ற வேண்டிவருமோ என்று யோசித்தபடி இருக்க நான் விரும்பவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்ற என் வயிற்றில் கொடுப்பதற்குச் சதை இருந்தது. சிசேரியன் தழும்பு தடையாகுமோ என்று பயந்தேன், ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வலப்பக்கம் நல்ல குழாய் ஒன்று இருக்கிறது என்றார்கள். ரத்தம் உறையும் அபாயத்தைக் குறைக்க, மருத்துவர் சொன்னபடி சில வாரங்களுக்குத் தமாக்சிஃபெனை நிறுத்தினேன்.

இடையில் காப்பீட்டுச் சிக்கல் ஒன்று வந்தது. இது அழகுக்கான அறுவை என்று சொல்லி முன் அனுமதியை மறுத்துக் கடிதம் அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் என் மகள் பாலிசிப் புத்தகத்தை வரி வரியாகப் படித்து, அழகு அல்லது பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது என்று சொல்லும் அதே பிரிவில், விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய மறுசீரமைப்புக்கு மட்டும் அந்தத் தடை பொருந்தாது என்று இருப்பதைக் கண்டுபிடித்தாள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 இல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்த வாசகம் அது. அந்த வரியை அடிக்கோடிட்டு, சர்ஜனின் கடிதத்தையும் இணைத்து மேல்முறையீடு செய்த மூன்றாவது வாரம் அனுமதி வந்தது. இதே மறுப்புக் கடிதம் உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து அதோடு நின்றுவிடாதீர்கள்.

2022 தை மாதம், எட்டு மணி நேர அறுவை. விலா எலும்பின் குருத்தெலும்பைச் சிறிது அகற்றி, மார்பெலும்பின் ஓரமாக ஓடும் ரத்தக்குழாயை வெளிக்கொணர்ந்து, வயிற்றிலிருந்து வந்த சதையின் தமனியையும் சிரையையும் நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியை விட மெல்லிய நூலால் அதனோடு இணைத்தார்கள். அந்த இணைப்பு அடைத்துக்கொண்டால் மொத்தச் சதையும் செத்துவிடும். நூற்றில் சிலருக்கு அப்படி நேர்வதுண்டு என்பதை முன்பே ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே முதல் இரவு மணிக்கொரு முறை செவிலியர் வந்தார். புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்; விரலால் மெல்ல அழுத்தி, வெளுத்த தோலில் நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்; பிறகு, நீல நூலால் ஒற்றைத் தையல் போட்டு அடையாளம் வைத்திருந்த இடத்தில், ரத்த ஓட்டத்தை ஓசையாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியின் முனையை வைப்பார். 'விஷ்க், விஷ்க்' என்று நாற்று வயலில் மடை திறந்துவிட்டது போல ஒரு ஓசை கேட்கும். இரண்டாம் இரவு ஏறக்குறைய மூன்று மணிக்கு அந்த ஓசை கேட்கவில்லை. முனையை நகர்த்தினார், மேலும் ஜெல் தடவினார், மீண்டும் வைத்தார். வெறும் இரைச்சல் மட்டுமே வந்தது. "பயப்படாதீங்கம்மா, நிறம் நல்லா இருக்கு" என்று அவர் சொன்னாலும் அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். முனையை ஒரு நெல்லளவு சாய்த்தபோது ஓசை வந்துவிட்டது. இருவருமே சிறிது நேரம் பேசாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

வீடு திரும்பிய பிறகுதான் வயிற்றின் கடினம் புரிந்தது. இரண்டு இடுப்பு எலும்புகளுக்கும் இடையே வெட்டி, இழுத்துத் தைத்திருந்ததால் இரண்டு வாரம் கூனி நடந்தேன். நேராக எழுந்து உட்கார முடியாது. ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றித்தான் எழ வேண்டும். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்த முடியவில்லை. இதை முன்கூட்டி யாரும் யோசிப்பதில்லை. காயத்திலிருந்து வடியும் நீரைச் சேர்க்கும் ட்ரெய்ன் பாட்டில்களை நைட்டியில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டு, தினமும் எத்தனை மில்லி என்று என் கணவர் காலண்டர் தாளில் எழுதிவைப்பார். ஆறு வாரம் வயிற்றுப் பட்டை. குடம், சிலிண்டர், மாவு வாளி எதையும் தொடக்கூடாது. அடுத்த அறுவையே வேண்டாம் என்று அழுத அம்மாதான், அந்த ஆறு வாரமும் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டார்.

இப்போது அதனோடு வாழ்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தோல் மார்புத் தோலை விடச் சற்று வெளிர்நிறம். அதனால் மார்பில் இலை வடிவில் ஒரு திட்டு தெரியும். பிரசவத்தில் வயிற்றில் விழுந்த வரிகள் இப்போது மார்பில் இருக்கின்றன. முதன்முதலாகக் கண்ணாடியில் அவற்றைப் பார்த்தபோது, என் உடம்பை அடையாளம் கண்டுகொண்டதாகவே தோன்றியது. நான் எடை கூடினால் அதுவும் கூடுகிறது. படுத்தால் மற்றதைப் போலவே சரிகிறது. உள்ளாடைக்குள் நழுவ எதுவும் இல்லை. பலகையின் மேல் ஓரம் வரை எழுதுகிறேன்.

ஆனால் அதில் உணர்ச்சி இல்லை. இதை யாரும் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடக்கூடாது. ஓரங்களில் மட்டும் இரண்டாம் ஆண்டில் இலேசான தொடு உணர்வு வந்தது. நடுவில் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. தொப்புளுக்குக் கீழும் அப்படியே. ஒரு மார்கழி இரவில் தோள்வலிக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன். அது நழுவி மார்பில் கிடந்திருக்கிறது. காலையில் கொப்புளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் சுட்டதையே அறிந்தேன். அது ஆற ஐந்து வாரம் ஆனது. ஆகவே வெந்நீர்ப் பையும் ஐஸும் அங்கே கூடவே கூடாது. இன்னொரு முறை, சுண்டைக்காய் அளவில் கெட்டியான கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. ஊசி வைத்துச் சோதித்து முடிவு வர ஆன நான்கு நாட்களும், 2019 திரும்பி வந்தது போலிருந்தது. ரத்த ஓட்டம் குறைந்த கொழுப்பு இறுகிப்போனது, புற்று இல்லை என்றார்கள்.

முலைக்காம்பு அமைக்கவும், பச்சை குத்தி நிறம் கொடுக்கவும் தனியாக அழைத்தார்கள். நான் போகவில்லை. எனக்கு இது போதும் என்ற இடத்தில் நின்றுகொண்டேன்.

சென்ற மாதம், எங்கள் தெருவில் குடியிருக்கும் இளம்பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அறுவை முடிந்து ஓராண்டு ஆகிறது. நெடுநேரம் தயங்கியபின், "அக்கா, பார்க்கலாமா?" என்று கேட்டாள். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் காட்டினேன். தொட்டும் பார்க்கச் சொன்னேன். மெல்லக் கையை வைத்தவள், "சூடா இருக்கேக்கா" என்றாள். அவள் கை வைத்திருப்பது எனக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் அவளிடம் சொன்னேன். சற்று யோசித்தாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு, "எத்தனை நாள் லீவு போடணும்கா?" என்று கேட்டாள். இரண்டு மாதம் என்று சொன்னேன், எழுதிக்கொண்டாள்.