கடல்ல இருக்குற தம்பிக்கு ஒரு லெட்டர்

3 மார்ச் 2024, ஞாயிறு, பந்திங், மலேசியா

தம்பி, எம்மவன அப்பிடித்தான் கூப்புடுவேன், கப்பல் ஏறி பதினோரு நாளாச்சு. வாட்சாப்ல ரெண்டு நாளா ஒத்த டிக்குதான் நிக்குது, நடுக்கடல்ல லைன் கெடைக்காதுன்னு சொல்லிட்டுத்தான் போனான், ஆனா அவங்கம்மா ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு போன பாக்குறா. லெட்டர் எழுதிருவோம்னு உக்காந்தேன். ராட்டர்டாம்ல இருக்குற கப்பல் ஏஜெண்டு விலாசத்த குடுத்துட்டு போயிருக்கான். "அன்புள்ள மகனுக்கு"ன்னு எழுதி அடிச்சுட்டு "தம்பி, சாப்டியா"ன்னு எழுதினேன். அதுக்கு மேல ஓடல.

6 மார்ச், புதன்

செம்பனை குலை வெட்டையிலதான் எழுத வேண்டியதெல்லாம் மண்டையில வருது. வெட்டுன குலைய 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்கு அனுப்பணும், இல்லாட்டி எண்ணெய் கெட்டுரும். அவன் கப்பல்ல போறதும் இந்த குலையில எடுக்குற பாம் ஆயில்தான். குளுரு ஊருக்கு போகப்போக எண்ணெய் ஒறஞ்சு கட்டியாயிருமாம், அதுக்காக டாங்கி சூடாவே இருக்கணும், இவன மாதிரி வேலை பழகுற கேடட் பையன் தெனம் சூட்ட பாத்து எழுதணும், எறக்கையில 50 டிகிரிக்கு மேல இருக்கணும்னு போறதுக்கு முந்துன நாளு அடுப்பங்கரையில நின்னு வெளக்குனான். முப்பது வருசமா 20 கிலோ குலைய தூக்குறேன், லாரி கெளம்புனா என் வேலை முடிஞ்சிச்சுன்னுதான் இருந்தேன். இன்னிக்கு எழுதிட்டேன்: "அப்பா வெட்டுனதுதான் உன் டாங்கியில இருக்குன்னு நெனச்சு பாத்துக்கய்யா."

10 மார்ச், ஞாயிறு

மோட்டார் சைக்கிள எடுத்துட்டு மோரிப் கடக்கரைக்கு போனேன். தண்ணி வத்தி ஒரே சேறு, ரொம்ப தூரத்துல ரெண்டு கப்பல்.

எங்கப்பா 1951ல நாகப்பட்டணத்துல ரஜூலா கப்பல் ஏறி, டெக்குல பாய விரிச்சு படுத்து வந்து, போர்ட் சுவெட்டன்ஹாம்ல எறங்குனாரு, இப்ப போர்ட் கிள்ளான்னு சொல்றோமே அதேதான். எழுத தெரியாது. தோட்டத்து கணக்கெழுதுற கிராணிய கெஞ்சி ஊருக்கு காகிதம் போடவே ஆறு மாசம் ஆச்சு, அது வரைக்கும் மகன் உசுரோட இருக்கானான்னே அவங்காத்தாவுக்கு தெரியல. இத சொல்றப்பலாம் அப்பாவுக்கு தொண்ட அடச்சிக்கும். இதயும் எழுதினேன்.

செங்கடல் பக்கம் கப்பல அடிக்கிறாங்கன்னு ஆப்பிரிக்காவ சுத்தித்தான் போறாங்களாம், பத்து நாளுக்கு மேல கூட ஆகும். அப்பாவுக்கு பயமா இருக்குன்னு எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நேரம் அந்த கல்லுலயே உக்காந்திருந்தேன். எழுதிட்டேன்.

13 மார்ச், புதன்

போஸ்டாபீஸ் கெளம்பையில அவங்கம்மா ஒட்டுன கவர பிரிக்க சொல்லிட்டா. கீழ அவ கையெழுத்துல: "எலுமிச்ச ஊறுகாய ஒரேடியா தீத்துறாதடா, திரும்பி வர்ற வரைக்கும் வேணும்."