பதிவேட்டில் ஏறாத இடுப்பு வலி

ஒரகடம் பக்கத்தில் ஒரு பார்சல் கிடங்கில் நான் பாதுகாப்பு அலுவலராக இருந்தபோது, விரல் நசுங்கியதும் ஃபோர்க்லிஃப்ட் இடித்ததும் தேதி, நேரத்துடன் விபத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தன; ஆட்களை அவற்றைவிட அதிகமாக வேலையிலிருந்து முடக்கிய இடுப்பு வலிக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. மாதக்கணக்கில் பெட்டி தூக்கி முதுகு தளர்ந்தவரால், வலி வந்த நொடி இதுதான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இது வெறும் காகிதச் சிக்கல் அல்ல. இ.எஸ்.ஐ. திட்டத்தில் பணியிடக் காயம் என ஏற்கப்பட்டால், தற்காலிக இயலாமை நீடிக்கும்வரை ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். நோய் என்று எழுதப்பட்டால் 70 விழுக்காடுதான், அதுவும் பொதுவாக ஆண்டுக்கு 91 நாட்களுக்கு மட்டுமே. "இடுப்பு பிடிச்சுக்கிச்சு சார்" என்று வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் பலர் இரண்டையும் கேட்கவில்லை. வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதால் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த ஷிப்டுக்கு வந்தார்கள்.

'முழங்காலை மடக்கித் தூக்கு' என்ற சுவரொட்டியும் இடுப்பு பெல்ட்டும் நிர்வாகம் தந்த தீர்வுகள். லாரிக்குள் பெட்டிகளுக்கு நடுவே முழங்காலை மடக்க இடம் ஏது? பெட்டி 20 கிலோவுக்குள் இருந்தால் போதும் என்பது எங்கள் விதி. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் 1991-இல் திருத்திய சூத்திரமோ, எல்லாம் சாதகமாக இருக்கும்போதுதான் 23 கிலோவைப் பரிந்துரைக்கிறது. சுமை உடலிலிருந்து அரை மீட்டர் தள்ளியிருந்தால் அந்த அளவு பாதியாகிறது. அதைத் தரையிலிருந்து எடுத்தால் சுமார் 9 கிலோ. கூடவே உடலைப் பக்கவாட்டில் 90 டிகிரி திருப்பினால் 6 கிலோவுக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு எத்தனை முறை தூக்குகிறார் என்பதைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் குறையும்.

ஆகவே பதிவேட்டில் 'வலி தொடங்கிய வாரம், செய்த வேலை' என்றொரு பத்தியைச் சேர்த்தேன். தீபாவளி விற்பனைக் காலத்தில் அது வேகமாக நிரம்பியது; பெரும்பாலும் லாரி இறக்குமிடமும் ரேக்கின் அடித்தட்டும்தான். அதைக் காட்டிய பிறகே லாரிக்குள் நீளும் கன்வேயர் வந்தது, கனமான பெட்டிகள் இடுப்பளவுத் தட்டுக்கு ஏறின. கூடவே மணிநேர இலக்கும் உயர்ந்தது, குறைந்த சுமையின் பயனில் பாதியை அது விழுங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். கலிஃபோர்னியாவில் 2022 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி பெரிய கிடங்குகள் இலக்கை எழுத்தில் தர வேண்டும். உணவு, ஓய்வு இடைவேளைகளைப் பறிக்கும் இலக்கு செல்லாது. எங்கள் இலக்கோ ஷிப்ட் தொடக்கத்தில் சூப்பர்வைசர் வாயால் சொல்வதுதான். லாரிகள் தாமதமான நாட்களில் அது நடுவிலேயே கூடிவிடும்.